வாரண்டி முடியாத காரை வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் விடலாமா?

கம்பத்துக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வாங்கிய சிறிய டர்போ பெட்ரோல் காருக்கு 14 மாதம் ஆகிறது. மீட்டர் 19,300 கிலோமீட்டர் காட்டுகிறது. வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. இலவச சர்வீஸ்கள் முடிந்துவிட்டன. அடுத்து வருவது பணம் கட்டிச் செய்யவேண்டிய 20,000 கிலோமீட்டர் சர்வீஸ்.

டீலரின் சர்வீஸ் நிலையம் தேனியில் இருக்கிறது. கம்பத்திலிருந்து போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர். காலையில் விட்டால் மாலையில்தான் வண்டி கைக்கு வரும் என்பதால், அன்று முழுவதும் கடையை அடைத்துவிட்டுப் போகவேண்டும். ரூ.9,760 ஆகும் என்று வாட்ஸப்பில் எஸ்டிமேட் அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவின் பழைய காரை 12 ஆண்டுகளாகப் பார்த்துவரும் உள்ளூர் மெக்கானிக், அதே கிரேடு ஆயிலும் கம்பெனி ஃபில்டரும் போட்டு ரூ.4,200-க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். வெளியே விட்டால் வாரண்டி போய்விடும் என்கிறார் டீலரின் ஆள். அப்படியெல்லாம் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்கிறார் நண்பர் ஒருவர். இருவரில் யார் சொல்வதை நம்புவது?

பழைய அட்வைசர்

இரண்டு டீலர்களிடம் சேர்ந்து 11 ஆண்டுகள் சர்வீஸ் அட்வைசராக, அதாவது கவுண்டரில் வண்டியை வாங்கி எஸ்டிமேட் போடுபவனாக, இருந்தவன் நான். இப்போது வேறு தொழிலில் இருக்கிறேன். ஒரு வாரண்டி கிளெய்ம் எப்படி நகர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பழுதான பாகத்தை இலவசமாக மாற்றித் தரலாமா என்று முடிவு செய்பவர் கவுண்டரில் இருக்கும் அட்வைசர் இல்லை. பாகத்தின் படம், பழுதின் விவரம், வண்டியின் சர்வீஸ் வரலாறு ஆகியவற்றை ஒர்க்‌ஷாப் கம்பெனிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஒப்புதல் வந்தால் பாகத்தின் விலையும் வேலைக்கூலியும் கம்பெனியிடமிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்துசேரும். ஜன்னல் கண்ணாடி மோட்டாரோ கதவுப் பூட்டோ பழுதானால் ஆயில் எங்கே மாற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். டர்போ, இன்ஜின் உட்பாகங்கள், கியர்பாக்ஸ் என்று வரும்போதுதான் சர்வீஸ் வரலாற்றை முதலில் திறக்கிறார்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். உள்ளே தார் போலக் கறுப்புப் படிவு இருந்தால், சர்வீஸ் தேதிகளுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எண்ணத் தொடங்குவார்கள்.

எனவே, உங்கள் வாரண்டியைக் காப்பது குறித்த காலத்தில், குறித்த கிரேடு ஆயிலோடு வேலை நடந்தது என்பதற்கான பதிவு. டீலரிடம் செய்தால் அது கணினியில் தானாக ஏறிவிடுகிறது. வெளியே செய்தால் அந்தப் பதிவை உருவாக்கி, பத்திரப்படுத்தி, தேவைப்படும்போது எடுத்துக் காட்டவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது.

அது கிடக்கட்டும், அந்த எஸ்டிமேட்டில் இருப்பவற்றை வரிவரியாக இங்கே எழுதுங்கள். 9,760 என்ற மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

நுகர்வோர் வழக்காடி

நண்பர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தது. உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விதித்த அபராதம் மொத்தம் ஏறத்தாழ ரூ.2,545 கோடி. வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனையை விதிக்கக்கூடாது என்றும், வெளியே நடந்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொல்கிறது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றங்களுக்கும் போயின.

ஆனால், இதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் சர்வீஸ் கவுண்டரில் வாதாடி வென்ற ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. கவுண்டரில் மறுத்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு தரவேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 முதல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் வெறும் ரூ.200. செலவு ஒரு பொருட்டே இல்லை, காலம்தான் பொருட்டு. பழுது தயாரிப்புக் குறையால் வந்ததா, வெளி மெக்கானிக்கின் கைவேலையால் வந்ததா என்பது பார்த்தவுடன் தெரியாவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அறிக்கை வந்து, வாய்தாக்கள் கழிந்து, ஆணை வரும்வரை உங்கள் கார் ஷெட்டில் நிற்கும். உரிமை உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக 5,000 ரூபாய் மிச்சப்படுத்தப் போய் இந்த வழியில் இறங்கவேண்டுமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நீட்டிப்பு வாரண்டி வாங்கியிருந்தால் அதன் விதிகளைத் தனியாகப் படியுங்கள். அது தனிக் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் தனி ஒப்பந்தம்; அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் மட்டும் சர்வீஸ் செய்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில்தான் கறாராக எழுதப்பட்டிருக்கும்.

கம்பத்துக்காரன்

இருவருக்கும் நன்றி. நீட்டிப்பு வாரண்டி வாங்கவில்லை. எஸ்டிமேட்டில் இருப்பவை, வரியோடு சேர்த்து: ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பொதுச் சோதனைக் கூலி எல்லாம் சேர்த்து 5,210. வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 1,150. த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குக் காற்று போகும் வாய்) கிளீனிங் 850. ஏசி கிருமிநீக்கம் 1,150. இன்ஜின் ஃப்ளஷ் (ஆயில் மாற்றும் முன் இன்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது) 650. இன்ஜின் அறைக்குப் பாலிஷ் 750.

திண்டுக்கல் ஓட்டுநர்

என் கதை இரண்டு பக்கமும் வெட்டுவதால் சொல்கிறேன்.

முதல் கார் வாங்கிய ஆறாவது மாதத்தில், சாலையோர ஆக்சஸரீஸ் கடை ஒன்றில் தொடுதிரை ஸ்டீரியோ மாட்டினேன். கப்ளர் (ஒயர்களைச் செருகி இணைக்கும் முனை) இல்லாமல் ஒயரை வெட்டி முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிட்டார்கள்; அப்போது எனக்கு அது தெரியாது. மறு ஆண்டு மழைக்காலத்தில் இண்டிகேட்டரும் சென்ட்ரல் லாக்கும் ஒன்றாக நின்றுபோயின. வாரண்டியில் மாற்றிக் கேட்டபோது, அட்வைசர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் டேஷ்போர்டுக்கு அடியில் குனியச் சொல்லி, பசை இளகித் தொங்கிக்கொண்டிருந்த அந்த டேப்பைக் காட்டினார். மின்சாரப் பாகங்களுக்கு மட்டும் வாரண்டி மறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஸ்டியரிங்கில் வந்த சத்தத்தை இலவசமாகவே சரிசெய்து கொடுத்தார்கள். மறுத்தது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது காரில் உஷாராகி, எல்லாவற்றையும் டீலரிடமே விட்டேன். 30,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு முன்னால், சும்மா பார்ப்போமே என்று ஏர் ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் மார்க்கரால் தேதியைச் சிறியதாக எழுதிவைத்தேன். பில்லில் புது ஏர் ஃபில்டருக்குக் காசு இருந்தது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து, கிளிப்புகளை எடுத்துப் பார்த்தால், என் கையெழுத்து அப்படியே இருந்தது. தூசியை மட்டும் காற்றடித்து ஊதியிருந்தார்கள். மேலாளரிடம் காட்டியதும் கைதவறு என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து, மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரும்படி ஜாப் கார்டிலேயே (வேலை விவரச் சீட்டு) எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். டீலரின் பில் கம்பெனிக்குக் காட்டுவதற்கான சாட்சிதான். வேலை நடந்ததா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பழைய அட்வைசர்

திண்டுக்கல் நண்பர் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மாத இறுதியில் இலக்கை எட்டவேண்டிய நெருக்கடியில் அட்வைசர்கள் எஸ்டிமேட்டில் எவற்றையெல்லாம் சேர்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கம்பத்துக்காரரே, உங்கள் எஸ்டிமேட்டின் கடைசி நான்கும் சேர்ந்து 3,400 ரூபாய். உங்கள் காரோடு வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் 20,000 கிலோமீட்டருக்கான கட்டத்தைத் திறந்து பாருங்கள். அந்த நான்கும் அங்கே இருக்காது என்பது என் அனுபவம். அட்டவணையில் இல்லாததை வேண்டாம் என்று சொன்னால் வாரண்டிக்கு ஒரு குறையும் வராது. கையேடு கேட்காத ஃப்ளஷை நான் என் சொந்த வண்டிக்கே போட்டதில்லை. வீல் அலைன்மென்ட்டைக் கம்பத்திலேயே டயர் கடையில் செய்துகொள்ளுங்கள். மிஞ்சுவது 5,210. மெக்கானிக் கேட்கும் 4,200-இல் அலைன்மென்ட் சேரவில்லை என்றால், உண்மையான வித்தியாசம் 1,010 ரூபாய். அதில் தேனிக்குப் போய்வரும் பெட்ரோலையும் கடை அடைப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மெக்கானிக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. பிரேக் பேடு, வைப்பர், கிளட்ச் பிளேட்டு போன்ற தேயும் பாகங்களை வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த நிறுவனங்களே வாரண்டி தருகின்றன. இந்த வேலைகளை உங்கள் மெக்கானிக்கிடம் தாராளமாகக் கொடுக்கலாம். இன்ஜின் ஆயிலை மட்டும் வாரண்டிக் காலம் முடியும்வரை தேனியிலேயே மாற்றுங்கள் என்பேன், அதுவும் உங்களுடையது டர்போ என்பதால். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி; அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்று சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். டர்போ போனால் வரும் செலவுக்கு முன்னால் 1,010 ரூபாய் ஒன்றுமே இல்லை.

அப்படியும் வெளியேதான் மாற்றுவேன் என்றால், ஜிஎஸ்டி எண் உள்ள பில்லாக வாங்குங்கள். வண்டி எண், மீட்டர் அளவு, ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர், ஃபில்டரின் பாக எண் ஆகியவை அதில் இருக்கவேண்டும். துண்டுச் சீட்டில் “ஆயில் சர்வீஸ் 4,200” என்று எழுதிக் கொடுப்பது எந்தக் கிளெய்மிலும் நிற்காது. ஆயில் டப்பாவையும் மீட்டரையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கம்பத்துக்காரன்

மெக்கானிக்கிடம் இன்று மாலை பேசினேன். பில்லுக்கு வழியில்லை, தன்னிடம் ஜிஎஸ்டி பதிவு கிடையாது என்று மறைக்காமல் சொன்னார். கையேட்டில் 0டபிள்யூ-20 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் அளவு) கிரேடு ஆயில் என்று போட்டிருக்கிறது. “நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ-30 ஊற்றினாலும் ஓடும்” என்றார். ஓடலாம், ஆனால் அதைக் கம்பெனியிடம் நான் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தேனிக்கே அழைத்து, அந்த நான்கு வேலைகளும் அலைன்மென்ட்டும் வேண்டாம் என்றேன். ஒரு மறுப்பும் சொல்லாமல் 5,210-க்குத் திருத்திய எஸ்டிமேட்டைப் பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை கம்பத்துக்கு நடமாடும் சர்வீஸ் வண்டி வருகிறது என்பதையும் அப்போதுதான் சொன்னார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த வியாழனுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அதற்கு முன் ஏர் ஃபில்டரில் எழுத ஒரு மார்க்கர் வாங்கவேண்டும்.