காபித் தோட்டத்து மரத்தில் கருப்புக் கூடு, எதனுடையது?

கேள்வி: சிறுமலைப் பக்கம் நண்பரின் காபித் தோட்டத்தில், நிழல் மரத்தின் கிளையைச் சுற்றி, சாணியை அடுக்கடுக்காக அப்பிய மாதிரி கருப்பாக ஒரு கூடு. கால்பந்தை விடப் பெரிது. பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை வேறு. மலை அணிலா, குளவியா?

பதில் 1: அணில் இல்லை. மலை அணில் குச்சியும் இலையும் சேர்த்துத்தான் கட்டும். முசுறு எறும்பாக இருந்தால் பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்திருக்கும். இது கிரெமட்டோகாஸ்டர் எறும்புக் கூடு, மென்ற தாவர நார்தான் அந்த அட்டை மாதிரியான சுவர். சீண்டினால் வயிற்றுப் பகுதியைத் தலைக்கு மேல் தூக்கும், பார்த்தாலே தெரியும்.

பதில் 2: எறும்பு சரி, ஆனால் அந்த ஓட்டை எறும்பு போட்டதில்லைங்க. செம்பழுப்பு மரங்கொத்தி குடைந்தது. அந்த எறும்பையே தின்னும், அப்புறம் எறும்புகள் குடியிருக்கும் அதே கூட்டுக்குள்ளேயே முட்டையும் இடும், குஞ்சும் பொரிக்கும். என்ன தைரியம் பாருங்க!

கேள்வி கேட்டவர்: அப்படியா! கிளை கழிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறாரே?

பதில் 2: அந்தக் கிளையை மட்டும் விடச் சொல்லுங்க. பருவமழைக்கு முந்தைய மாதங்கள்தான் அது குஞ்சு பொரிக்கும் காலம். தூர நின்று பைனாகுலரில் பாருங்க, கீழே நின்றால் எறும்பு மேலே விழும்.