நகதே கிராமங்கள் பற்றிய ஆய்வுக்கு உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். ஈரானில் உருமியா ஏரிக்குத் தெற்கே உள்ள நகதே வட்டாரத்தில், அஜர்பைஜானியரும் குர்துகளும் கலந்து வாழும் சிறு கிராமங்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1828-இல் ரஷ்யாவும் ஈரானும் செய்துகொண்ட துருக்மன்சாய் உடன்படிக்கைக்குப் பின் வந்து குடியேறிய கரபபாக் மக்கள் அஜர்பைஜானி பேசுகிறார்கள், ஷியாக்கள். குர்துகள் பேசுவது சொரானி, பெரும்பாலும் சுன்னிகள். நவ்ரூஸ் என்ற புத்தாண்டு விழா மட்டும் இரண்டு வீட்டிலும் உண்டு.

நான் தயங்கி நிற்பது 1979 ஏப்ரலில். நகதே நகரில் அப்போது இந்த இரு மக்களுக்கும் இடையே நடந்த மோதலில் ஏராளமானோர் இறந்தார்கள், பலர் வீட்டை விட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு பக்கத்து ஊர்களில் தண்ணீர், மேய்ச்சல், நல்லது கெட்டது என்று எப்படிப் பழகினார்கள்? இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் படித்தவை எல்லாம் நகரத்தோடு நின்றுவிடுகின்றன.

அங்கிருந்து புலம்பெயர்ந்த முதியவர்களிடம் இணையவழியில் பேசப் போகிறேன். பெயர் வெளியிட மாட்டேன். முதல் கேள்வி, “உங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் முறை வைத்தது யார்?” என்பதுதான். கலவரத்தை நேராகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இது சரியா? கலவரம் கண்ட ஊர்களில் களப்பணி செய்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், சொரானியோ அஜர்பைஜானியோ தெரிந்தவர்கள் இருந்தால் என் கேள்வித்தாளை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?