குகை டைவிங்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

கடலாமை:
மெக்சிகோ, டுலூம் பக்கம் ஒரு செனோட்டே, அதாவது சுண்ணாம்புப்பாறை இடிந்து தண்ணீர் நிறைந்த பள்ளம், அதற்குள் குகை. மூன்று பேர் மெயின் லைனில் (குகைக்குள் வழிகாட்டும் கயிறு) உள்ளே போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே வந்த குழுவில் ஒருவரின் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) தரையில் பட்டு வண்டல் கிளம்பிவிட்டது. சில நொடிக்குள், லைட்டை மாஸ்க்கோடு ஒட்டி வைத்தாலும் வெறும் பழுப்பு நிறம். கண்ணைக் கட்டிக்கொண்டு பயிற்சியில் செய்வதுதான்: லைனைச் சுற்றி விரலை வளையமாக வைத்து, முன்னால் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னே தள்ளினால் ‘போ’, அழுத்தினால் ‘நில்’.

எனக்கு முன்னால் இருந்தவர்தான் மூவரிலும் அதிகம் டைவ் செய்தவர். தள்ளினேன், நகரவில்லை. மறுபடி தள்ளினேன். அவர் ரெகுலேட்டரில் மூச்சு விடும் சத்தம் மட்டும் வேகமாகிக்கொண்டே போனது. அவர் கையை எடுத்து லைனில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் அம்பின் மேல் வைத்தேன். அதன் கூர்முனை காட்டும் பக்கம்தான் வாசல். அவர் கட்டைவிரல் அந்த முனையை ஒரு தடவை தடவியது, திரும்பி வந்து இன்னொரு தடவை. அப்புறம் கிளம்பிவிட்டார். மேலே வந்து, ஒன்றும் நடக்காதது போல டேங்கைக் கழற்றினார். அவ்வளவு அனுபவம் இருப்பவர் ஏன் அங்கே அப்படியே நின்றார்?

ஊற்றுத்தண்ணீர்:
உங்களுடன் வந்தவராவது குகைப் பயிற்சி எடுத்தவர். நான் பார்த்தது வேறு. வட ஃப்ளோரிடாவில் ஒரு ஊற்று. எலும்புக்கூடு படம் போட்ட ‘இதற்கு மேல் போகாதே’ பலகை தெரியும் அல்லவா, குகைகளில் 300 பேருக்கும் மேல் இறந்திருக்கிறார்கள், அவர்களில் ஓப்பன் வாட்டர் (குகை இல்லாத திறந்த நீர்) பயிற்றுநர்களும் உண்டு என்று எழுதியிருக்குமே, அதே பலகைதான். நாங்கள் வெளியே வரும் வழியில், ஒற்றை டேங்க், கையில் சின்ன டார்ச், லைன் சுற்றிய ரீல் கிடையாது, அப்படி ஒருவர் உள்ளே வருகிறார். கரையில் தன்னைப் பயிற்றுநர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பலகையைத் தட்டிக் காட்டினேன். ஓகே சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பின்னால் அவருடைய மாணவன், சின்னப் பையன். பலகையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், ஆசிரியரின் ஃபின்கள் மறைந்த இருட்டைப் பார்க்கிறான். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன், விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வண்டலுக்குள்ளிருந்து சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். உயிரோடு வந்தார், சரி. பையன் உள்ளே போயிருந்தால்? அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரட்டைடேங்க்:
கடலாமை, அது வெறும் பயமாக இருக்காது. வேகவேகமாக மேலோட்டமாக மூச்சு விட்டால் கார்பன் டைஆக்சைடு உடம்பில் தேங்கும். அது பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் மூச்சை இன்னும் கூட்டும். எனக்கும் ஒருமுறை நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது இதே நிலை வந்தது. பாறையைப் பிடித்து நின்று மூச்சை நிதானமாக வெளியே விட்டதும் சரியாகிவிட்டது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மூன்றில் ஒரு பங்கு விதியைக் கவசம் மாதிரி நினைக்காதீர்கள். டேங்கில் 210 பார் அழுத்தத்தோடு கிளம்பினால் 70 பார் உள்ளே போக, 70 வெளியே வர, 70 கையிருப்பு. எல்லோரும் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். உள்ளே போன கடைசிப் புள்ளியில் கூட வருபவரின் காற்று மொத்தமாகப் போய்விட்டது என்று வையுங்கள். உங்களிடம் 140 இருக்கிறது. இரண்டு பேரும் வெளியே வர ஆளுக்கு 70. அதாவது, போன அதே வேகத்தில், அதே நிதானமான மூச்சில் வந்தால்தான் அது போதும். காற்றுத் தீர்ந்து மிரண்டவர் நிதானமாகவா மூச்சு விடுவார்? தண்ணீர் உள்ளே இழுக்கும் சைஃபன் வகைக் குகையில் வெளியே வரும்போது நீரோட்டமும் எதிரே இருக்கும். அங்கே மூன்றில் ஒன்று நிச்சயம் போதாது. இன்னும் முன்னதாகவே திரும்ப வேண்டும். டேங்க் அளவு ஆளுக்கு ஆள் வேறானால் பாரை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, லிட்டரில் போடுங்கள், யாரிடம் காற்று குறைவோ அவர்தான் திரும்பும் இடத்தைத் தீர்மானிப்பவர். ஆளுக்கு மூன்று லைட், வாசலில் இருந்தே அறுபடாத லைன், இதெல்லாம் நான் சொல்லி யாருக்கும் தெரியவேண்டியதில்லை. விபத்துகளை ஒவ்வொன்றாக அலசி இந்த விதிகளை முன்வைத்த அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் ஸகடோன் என்ற ஆழமான நீர்க்குழியில் ஆழச் சாதனை முயற்சியில் இறந்துபோனார். அவரைவிடத் தேர்ந்தவர் நம்மில் யார்?

கடலாமை:
நான் கணக்குக் கேட்கவில்லை அண்ணா. ஆனால் கார்பன் டைஆக்சைடு விஷயம் பொருந்துகிறது. அந்த மூச்சுச் சத்தத்தை நினைத்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

சுண்ணாம்புப்பாறை:
‘அறுபடாத லைன்’ என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். மயோர்க்கா தீவின் சா பிகேட்டா குகையில் 2017இல் ஷிஸ்கோ கிராசியாவும் அவர் நண்பரும் திரும்பும் வழியில் லைனை இழந்தார்கள். இருவருமே அந்தத் தீவின் குகைகளை அறிந்தவர்கள். மிச்சமிருந்த காற்று ஒருவருக்குத்தான் போதும் என்பதால் நண்பர் வெளியே போனார், கிராசியா தண்ணீருக்கு மேல் காற்று தங்கியிருந்த ஒரு குகை அறையில் சுமார் 60 மணி நேரம் காத்திருந்தார். கெட்ட காற்றில் இல்லாத வெளிச்சமெல்லாம் கண்ணில் தெரிந்ததாக அவரே பின்னர் சொன்னார். லைன் போட்டுவிட்டால் கவலை இல்லை என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இரட்டைடேங்க்:
நான் அப்படிச் சொல்லவில்லையே. லைன் இல்லாமல் போகாதே என்பதும், லைன் இருந்தால் போதும் என்பதும் ஒன்றா?

வெள்ளிமீன்:
எனக்கு விபத்து எதுவும் இல்லை. ஒரு கட்டைவிரல்தான். குறுகலான இடத்துக்கு முன்னால் நிற்கிறோம். காற்று நிறைய இருக்கிறது, லைட் எல்லாம் எரிகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி. உள்ளே போகவேண்டாம் என்று தோன்றியது, காரணம் சொல்லத் தெரியவில்லை. கட்டைவிரலைத் தூக்கினேன். யார் தூக்கினாலும், எப்போது தூக்கினாலும், கேள்வி கேட்காமல் திரும்ப வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. கூட வந்தவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார், ஆள்காட்டி விரலால் உள்ளே காட்டினார். மறுபடி தூக்கினேன். அப்புறம்தான் திரும்பினார்.

மேலே வந்ததும் “இவ்வளவு செலவு பண்ணி வந்தது இதுக்கா?” என்றார். குகைச் சான்றிதழ் என்னைவிட முன்னதாகவே வாங்கியவர். அந்தப் பயணத்துக்கு அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை. வேறு ஒருவரோடு அதே இடத்துக்கு மறுபடி போகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த இன்னொருவர் யார் என்று எனக்குத் தெரியாது. கட்டைவிரலைத் தூக்கினால் இவர் உடனே திரும்பமாட்டார் என்று அவரிடம் யார் சொல்வது?