நிழல் விழாத நாளும் ஓர் ஈர்க்குச்சியும்

ஸ்ரீராமபுரத்துக்காரர்:
பெங்களூரில் ஏப்ரல் 24 வாக்கில் மதியம் 12.17க்குச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. அதைக் காட்ட எங்கள் தெருவுக்கு இளைஞர்கள் சிலர் வந்திருந்தார்கள். கையில் பிவிசி குழாய், வாயில் ஆங்கிலமும் கன்னடமும். கூடியவர்களில் பாதிப் பேர் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழர்கள். பூமியின் அச்சு 23.5 பாகை சாய்வு என்று ஆரம்பித்ததுமே பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

குழுவில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். திண்ணையில் இருந்தவரிடம், "தாத்தா, கடிகாரம் இல்லாத காலத்துல நேரம் எப்படிப் பார்த்தீங்க?" என்றாள். அவர் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பதினாறு விரற்கடை அளந்து ஒடித்தார். ஒரு பாதி தரையில் கிடக்க, மறுபாதி செங்குத்தாக நிற்க மடக்கினார். நிற்பதன் நிழல் கிடப்பதன் நுனியைத் தொடும்வரை மடிப்பை மாற்றிக்கொண்டே போக வேண்டும். நிற்பது எத்தனை விரலோ, விடிந்து அத்தனை நாழிகை. உச்சி தாண்டினால், பொழுது சாய அத்தனை நாழிகை பாக்கி. நாழிகை என்பது 24 நிமிடம்.

12.17க்கு மடக்கவே இடமில்லை, பதினாறும் நின்றது. அன்று விடிந்து ஆறேகால் மணி நேரம் ஆகியிருந்தது. கணக்குப்படி பதினைந்தரைக்குச் சற்று மேல். "ஏர் ஓட்ட இது போதும் பாப்பா" என்றார் தாத்தா. குடத்தோடு போனவர்களும் திரும்பி வந்து நின்றார்கள். இந்த மாதிரி வருகிறவர்கள் முதலில் கேட்கட்டும், அப்புறம் பேசட்டும் என்பது என் கட்சி.

ஒயிட்பீல்டு வாசி:
நல்ல கதை. ஆனால் அடுத்து "நம் முன்னோர் அறியாதது எதுவுமில்லை" என்று வாட்ஸாப்பில் வீடியோ வருமே, அதுதான் பயம். இதே ஈர்க்கு வித்தையை மார்கழியில் என் மாடியில் செய்து பார்த்தேன். உச்சிவேளையிலேயே ஒன்பது விரல்தான் நின்றது. சூரியன் உச்சியிலிருந்து 36 பாகை தெற்கே தள்ளியிருந்தால் நிழல் நீளாமல் என்ன செய்யும்! சித்திரை வெயிலுக்குப் பொருந்துகிற கணக்கு, குளிர்காலத்தில் தள்ளாடுகிறது. ஏன் என்று குடைந்து என் மகள் மாதத்துக்கொரு அட்டவணை போடுகிறாள். பாடப் புத்தகத்தில் அச்சுச் சாய்வைப் படித்தபோது அவளிடம் ஒரு கேள்வியும் எழவில்லை. தாத்தாவைக் கேளுங்களேன், மார்கழிக்கு வேறு அளவுக் குச்சி இருந்ததா?

ஸ்ரீராமபுரத்துக்காரர்:
கேட்டேன். "மார்கழியில யாரு நாழிகை பார்த்தா? பனி விலகினா காட்டுக்குப் போவோம்" என்கிறார்.