புதுச்சேரியில் அகம் குழுவை முதன்முறையாக நேரில் கேட்கப் போகிறேன்: எங்கே நிற்பது, எதை எதிர்பார்ப்பது?

மஞ்சக்குப்பம்_வாசி:

அனைவருக்கும் வணக்கம். கர்நாடக இசையையும் ராக் இசையையும் இணைத்துப் பாடும் பெங்களூருவின் அகம் குழுவைக் கல்லூரிக் காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். 2012இல் வந்த முதல் தொகுப்பும் 2017இல் வந்த இரண்டாவது தொகுப்பும் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஆயினும் அவர்களை மேடையில் பார்த்ததில்லை. அடுத்த மாதம் புதுச்சேரியில், கடலை ஒட்டிய ஒரு திறந்தவெளியில் பாடுகிறார்கள் என்று அறிந்து எனக்கும் அம்மாவுக்கும் நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டேன். அம்மா வீணை கற்றவர். தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சர' கிருதியை இவர்கள் கையாண்டிருக்கும் விதத்தைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, "நளினகாந்தி ராகம் நன்றாகத்தான் இருக்கிறது, கூடவே ஏன் இத்தனை இரைச்சல்?" என்றார். பதிவில் உள்ள நேர்த்தி நேரில் இருக்காது, ஏமாந்துதான் திரும்புவாய் என்று நண்பர் ஒருவரும் பயமுறுத்துகிறார். நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்: எந்த இடத்தில் நிற்பது நல்லது? அம்மாவை அழைத்து வருவது சரியா?

ஒலிமேசை:

புதுச்சேரியில் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்புச் செய்பவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. பதிவுக்கூடத்தில் ஒரே குரலைப் பல அடுக்குகளாகப் பதிந்து சேர்க்கலாம், பிசகிய இடத்தைத் திரும்பப் பாடலாம்; மேடையில் இருப்பது ஒரு தொண்டை, ஒரு வாய்ப்பு. ஆனால் கைப்பேசி வழியாகக் கேட்பவருக்கு அந்தப் பதிவே முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பேஸ் கிதாரின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே இயலாது. அடித்தளம் கழன்றுவிட, கிதாரின் கரகரப்பும் சிம்பலின் ஓசையும் மட்டும் மிஞ்சிக் குரலோடு மோதுகின்றன. அம்மா இரைச்சல் என்று சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன். நேரில் கேட்டால் அவருடைய கருத்து மாறக்கூடும்.

இடத்தைப் பொறுத்தவரை, பலரும் செய்வதுபோல மேடையின் முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம். அங்கே உங்களை எட்டுவது பெரும்பாலும் டிரம்ஸும் கிதார் பெட்டிகளும் நேரடியாக எழுப்பும் ஒலியே. குரல் உங்கள் தலைக்கு மேலே கடந்து போய்விடும். பக்கவாட்டிலோ, பேஸ் பெட்டிகளுக்கு எதிரிலோ நிற்பது அதைவிட மோசம். கூட்டத்தின் நடுவே ஒலிக்கலவை மேசை இருக்கும். அங்கே அமர்ந்திருப்பவர் தம் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதைத்தான் அமைக்கிறார். ஆகவே அந்த மேசைக்குச் சற்று முன்னால், இரு பக்கப் பெட்டிகளுக்கும் நடுவில் நில்லுங்கள். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். மேடை கடலுக்கு முதுகு காட்டி அமைந்திருந்தால் காற்று ஒலியைப் பார்வையாளர் பக்கம் வளைத்துக் கொண்டுவரும். எதிர்த்திசையில் அமைந்திருந்தால் ஒலி மேல்நோக்கி வளைவதால் பின்வரிசைகளில் குரல் அலைபாயும், அப்போது இன்னும் கொஞ்சம் முன்னே செல்லுங்கள்.

அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. எல்லா இடங்களிலும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று என் தொழிலை வைத்துக்கொண்டே என்னால் சொல்ல முடியவில்லை. மருந்துக் கடையில் நுரையாலான காதடைப்பான் கேட்டு வாங்கி, அம்மாவுக்கும் கொடுங்கள்.

முத்தியால்பேட்டை_ரசிகை:

ஒலிமேசை சொல்வதை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர: பதிவை அளவுகோலாகக் கொண்டு இவர்களை எடைபோடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னையில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். குழுவின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் ஆலாபனையை நீட்டத் தொடங்கினால் பாட்டு எப்போது வரும் என்ற நினைப்பே போய்விடுகிறது. சில இடங்களில் வயலினையும் அவரே எடுத்துக்கொள்கிறார். நான் மனப்பாடமாக வைத்திருந்த சங்கதிகளில் (ஒரே வரியை விதவிதமாகப் பாடும் முறைகளில்) சிலவற்றை அவர் பாடவேயில்லை, அவற்றுக்குப் பதில் வேறு வந்தன. கச்சேரிக்குப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அதே கிருதியை அதே வித்வான் சென்ற ஆண்டு பாடியது போலவே பாட வேண்டும் என்று அம்மா எதிர்பார்ப்பாரா என்ன? என் கணிப்பில் உங்களைவிட அவர்தான் அதிகம் ரசிப்பார். தாளம் போட்டுக்கொண்டு கேட்கலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முன்னால் நின்று நிகழ்ச்சி முழுவதையும் கைப்பேசியில் பிடிக்கும் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. அவர்கள் அதைப் பிறகு எப்போது பார்க்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தவளக்குப்பத்தான்:

திரும்பும் வழியையும் யோசித்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் நிகழ்ச்சி பெரும்பாலும் அதற்குள் முடியும். ஆனால் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியேறும். வார இறுதி என்றால் கடலூர் சாலையில் அரியாங்குப்பம் முதல் முள்ளோடை வரை வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். அம்மாவுடன் பேருந்து நிலையத்தில் காத்திருப்பதைவிட வாடகைக் காரை முன்னதாகவே பேசி வைப்பது நலம்.

மஞ்சக்குப்பம்_வாசி:

அனைவருக்கும் நன்றி. காரைப் பேசிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: அம்மாவால் இரண்டு மணி நேரம் நிற்க முடியாது. நாற்காலிகள் பின்புறத்தில்தான் இருக்கும் என்கிறார்கள், அங்கிருந்து சரியாகக் கேட்குமா?

ஒலிமேசை:

கேட்கும். அங்கே ஒலியளவு குறைவு, குரலும் பெரும்பாலும் தெளிவாகவே எட்டும். பேஸ் பெட்டியின் அதிர்வு மட்டும் சற்று மட்டுப்படும். அம்மாவுக்கு அது குறையாகத் தோன்றாது. முதல் பாட்டை அவருடன் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவர் பழகியதும் நீங்கள் மேசைப் பக்கம் வந்துவிடுங்கள்.