பள்ளியையே மூடிய கவுண்டி: பெற்றோர் மறுத்தது சரியா?

தாமரைக்குளம்: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கணும்னு நீதிமன்றம் நெருக்கினதும், 1959-ல் பணமே ஒதுக்காம எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடிட்டாங்க. 1964 வரைக்கும் பூட்டுதான். வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்துடுச்சு. உங்களுக்கும் தனியா ஒண்ணு நடத்தித் தர்றோம்னு வெள்ளையினப் பிரமுகர்கள் சொன்னப்போ கறுப்பினப் பெற்றோர் மறுத்துட்டாங்க. வாங்கிக்கிட்டே வழக்கையும் நடத்தியிருக்கக் கூடாதா?

ஓலைச்சுவடி: வாங்கியிருந்தா வழக்கு பலமிழந்திருக்கும். இந்தப் பெற்றோர் முன்னாடியே ஒருமுறை தனிப் பள்ளியை வாங்கிப் பார்த்தவங்க சார். அதே கவுண்டியில ஃபார்ம்வில் ஊர்ல கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்குக் கட்டினது, 1951-ல் 450 பேருக்கு மேல. தார்த்தாள் ஒட்டின கொட்டகையில வகுப்பு. மழைக்கு ஒழுகும், குளிருக்குக் கோட்டோட உட்காரணும். 16 வயசு மாணவி பார்பரா ஜான்ஸ் குழு, பொய் போன் ஒண்ணு போட வச்சுத் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிட்டு, எல்லாரையும் அரங்கத்துல கூட்டி வேலைநிறுத்தம் அறிவிச்சுது. முதல்ல கேட்டது நல்ல கட்டடம் மட்டும்தான். இனப்பிரிவினையையே எதிர்த்தாத்தான் வருவோம்னு வக்கீல்கள் சொன்னதும் கோரிக்கை மாறி வழக்காச்சு. 1953-ல் புதுக் கட்டடம் வந்துச்சு. 1959-ல் அதையும்தான் பூட்டினாங்க!

தாமரைக்குளம்: சரி, விலை கொடுத்தது யாரு? 1959-ல் ஒண்ணாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை 1963-ல எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாம நிக்குது. சொந்தக்காரங்க வீட்டுக்கு வெளியூர் போனவங்க தப்பிச்சாங்க. மத்தவங்களுக்கு தேவாலயத்துல கொஞ்ச நேரப் பாடம், இல்லேன்னா புகையிலைத் தோட்டம். கொள்கை பெரியவங்களோடது, நஷ்டம் குழந்தைங்களோடது.

வழிப்போக்கன்: பூட்டினவனை விட்டுட்டுப் பெற்றோரையே கூண்டுல ஏத்துறீங்களே! பள்ளியில இனப்பிரிவினை செல்லாதுன்னு 1954-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1955-ல் அமல்படுத்தச் சொன்ன உத்தரவுல காலக்கெடுவே கிடையாது. வர்ஜீனியா செனட்டர் பர்ட் மாதிரி அரசியல்வாதிகள் முழு எதிர்ப்புன்னு கிளம்புனதுக்கு அந்த ஓட்டை வசதியா போச்சு. 1964-ல், இந்தப் பள்ளி மூடலை எதிர்த்த கிரிஃபின் வழக்குலதான் உச்ச நீதிமன்ற நீதிபதி பிளாக், பொறுமைக்கான காலம் தீர்ந்துபோச்சுன்ற அர்த்தத்துல எழுதினார். பத்து வருஷம்!

தாமரைக்குளம்: நீதிமன்றம் மந்தம்னு தெரிஞ்ச பிறகும் பிள்ளைகளைக் காக்க வச்சதுதான் என் குறை.

ஓலைச்சுவடி: அந்த வழக்குக்குப் பின்னால நின்ன பாதிரியார் கிரிஃபினோட பிள்ளைகளும் அந்தக் காலத்துல பள்ளியில்லாம இருந்தவங்கதான். அடுத்தவன் பிள்ளையை வச்சு அவர் சூதாடலை. 1964-ல் கதவு திறந்தப்பவும் வெள்ளையினப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் வந்தாங்க. மத்தவங்க தனியார் பள்ளியிலேயே இருந்துட்டாங்க.