புதுப்பிப்பு: அப்பத்தாவின் பயிற்சி, மூன்று மாதத்துக்குப் பிறகு

காரைக்குடி வீட்டில் 78 வயது அப்பத்தா நிலைப்படி தடுக்கி விழுந்ததையும், எலும்பு தப்பியும் பயத்தில் நடக்க மறுப்பதையும் சொல்லி யோசனை கேட்டிருந்தேன். உட்கார்ந்தே இருந்தால் கால் இன்னும் வலுவிழக்கும் என்று பலர் எழுதினீர்கள். அதுதான் சரி.

இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்து மூன்றே பயிற்சிகள் கொடுத்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. வளவுத் தூணை (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத் தூணை) பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது. ஒரு காலின் விரல்நுனியில் மறு காலின் குதிகாலை ஒட்டிவைத்து நடப்பது. நடப்பதற்குத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் கரைக்கோடுதான் பாதை. முதல் வாரம் தூணை இரு கையாலும் கட்டிக்கொண்டு, "இந்த வயதில் எனக்கு நொண்டி விளையாட்டா?" என்று ஒரே சண்டை. இப்போது இரண்டு விரல்தான் தூணில் படுகிறது; நான் பார்த்தால் அதையும் எடுத்துவிடுகிறார். வீம்பு மட்டும் குறையவில்லை.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலையும் வலுவும் கூட்டும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாங்கள் ஐந்து நாள் செய்கிறோம், பக்கத்தில் ஒருவர் நின்றபடி. முற்றத்தில் மழை விழுந்தால் விடுமுறை. ஈரக் கல் வழுக்கும். நிலைப்படி ஓரத்தில் மஞ்சள் பட்டை ஒட்டினோம். வீட்டின் அழகு போயிற்று என்று பெரியப்பாவுக்கு வருத்தம்.

நேற்று வீட்டின் பின்பக்கம் உள்ள இரண்டாம் கட்டிலிருந்து வாசல் பக்கத்து முகப்புவரை தனியாக நடந்து வந்து, காபி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார்.